பதிவேட்டில் நான் எழுதிய வேண்டுதல்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியின் இப்போதைய நர்ஸ் என்னைப் பார்க்க வந்திருந்தாள். கையில் புதிதாக அச்சடித்த படிவம் ஒன்று. சீனியர் மாணவர்கள் புதுப் பையன்களைத் துன்புறுத்தினால் அதை நிரப்பி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். “உங்க காலத்துல ஃபாரமே கிடையாதாமே சிஸ்டர், அப்புறம் எப்படிப் பிடிச்சீங்க? காலேஜ்ல இன்னும் உங்களப் பத்திதான் பேசறாங்க” என்றாள். காபி போடுகிறேன் என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். என்னைப் பற்றிச் சொல்கிற அந்தக் கதையில் பாதி விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போன பாதி எனக்குப் பெருமை தருவதல்ல. அதை முழுவதும் தெரிந்த இன்னொருவரான டாக்டர் காலமாகிவிட்டார். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

நான் மைசூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி எடுத்தேன். அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தபோது ஒரு கல்லூரி விடுதியின் மருந்தகத்தில் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் செய்வோம் என்றார்கள். நான் ஒழுங்காகத்தான் இருந்தேன், அதாவது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்தகம் என்றால் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கண்ணாடி பதித்த அலமாரி, மேஜை மேல் தடிமனான பதிவேடு. வருகிற பையனின் பெயர், அறை எண், என்ன உபத்திரவம், என்ன காரணம், என்ன சிகிச்சை என்று ஐந்து கட்டங்கள், நிரப்புவது ஆங்கிலத்தில். ஆறாவது கட்டம் டாக்டரின் கையெழுத்துக்கு.

டாக்டர் புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஒன்பது மணிக்கு வருவார். மேல்கோட்டையிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பம். வீட்டில் அவர்கள் பேசுவது பழைய காலத்துத் தமிழ், கேட்டால் பாதி எனக்குப் புரியாது. என்னோடு பேசும்போது அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். வந்ததும் குடையை அதே ஆணியில்தான் மாட்டுவார். சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவுவார். வெறும் கையெழுத்துப் போடுவதானாலும் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. புண்ணுக்குக் கட்ட நான் மடித்து வைத்த காஸ் துணியில் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். பிசிறு உள்ளே போகும்படி மடித்திருந்தால் பேசாமல் இருப்பார். வெளியே தெரிந்தால் அத்தனையையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அப்போதும் பேசாமல் இருப்பார். நல்ல வார்த்தை என்று ஒன்றை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கடைசியில் பதிவேட்டை இழுத்து, வரிசையாகப் பச்சை மசியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். காஸ் துணியின் பிசிறைக் கண்டுபிடிக்கிற அந்தக் கண், எழுத்தின் மேல் நிற்காது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

என் இரண்டாவது வருஷத்தில், நம் ஆடியையொட்டி வருகிற ஆஷாட மாதத்துத் திங்கட்கிழமை காலை. மாதையன் என்ற முதலாண்டு மாணவன் வந்தான். கொள்ளேகாலில் பட்டுத்தறி வைத்திருந்த குடும்பம். கொள்ளேகால் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவோடு இருந்தது. அதனால் மைசூர்ப் பையன்களுக்கு அவன் ‘மெட்ராஸ்காரன்’. எனக்கோ, தமிழில் பேச ஒரு பையன் கிடைத்தானே என்ற சந்தோஷம். அவனோடு இரண்டு சீனியர்கள் வந்து கதவருகே நின்றார்கள்.

வேட்டியைத் தூக்கச் சொன்னேன். இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. சதைக்குள் கல்துகள் ஏறி, இடது கால் ஏற்கனவே வீங்கிச் சிவந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் சொன்னான்:

“வேண்டுதலுங்க சிஸ்டர். சாமுண்டி மலைப் படியில முழங்கால்லயே ஏறுனனுங்க.”

ஆஷாடத்தில் மைசூரே சாமுண்டி மலை ஏறும். படிக்குப் படி குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுகிற பெண்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னொருவர் சாமியைப் பற்றி நான் என்ன கேட்பது? இடுக்கியைக் கொதிக்க வைத்து எடுத்து, துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். முக்கால் மணி நேரம் ஆனது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கதவருகே நின்ற இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, போகவும் இல்லை. புண்ணைக் கழுவி, சல்ஃபா பொடி தூவிக் கட்டி, காரணம் என்ற கட்டத்தில் ‘வேண்டுதல்’ என்று எழுதினேன்.

புதன்கிழமை டாக்டர் வந்தபோது அவனுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கட்டைப் பிரித்தால் சீழ். டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். “பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புங்கோ. பென்சிலின் வேணும். மூட்டுக்குள்ள போயிடுத்துன்னா கால் நமக்கில்லை” என்றார். கை கழுவினார், கையெழுத்துப் போட்டார், மறுபடியும் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டிலும் காரணம் எழுத வேண்டும். ‘வேண்டுதல்’ என்று எழுதும்போது என் கை நின்றது. இந்தச் சொல்லை இதே பேனாவால் முன்பும் எழுதியிருக்கிறேனே என்று தோன்றியது. வண்டி கிளம்பிப் போனபின் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். போன வருஷம், அதே ஆஷாடம், அதேபோல் ஒரு திங்கட்கிழமை. மூன்று வரிகள். மூன்று பேருக்கும் முழங்காலில் சிராய்ப்பு. மூன்றுக்கும் காரணம்: வேண்டுதல். மூன்றாவது பெயரை இரண்டு தடவை படித்தேன்.

ஜெயசீலன்.

எங்கள் சர்ச்சில் பாட்டுக்குழுவில் பாடிய பையன். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வருகிற பையன் சாமுண்டி மலைக்கு முழங்காலால் ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டதாக, அதே சர்ச்சுக்குப் போகிற நான் என் கையால் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் டாக்டரின் பச்சைக் கையெழுத்து. என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதையனுக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. அவன் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“வேண்டுதல் உனக்கா, மாதையா, இல்ல வேற யாருக்காவதா?”

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது.

“எங்க சாமி மாதேஸ்வரனுங்க. நாங்க வேண்டுனா எங்கூருப் பக்கம் அவரு மலைக்குத்தான் போவோமுங்க, சாமுண்டி மலைக்கு இல்லீங்க” என்றான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

கல்லூரியில் மலையேறும் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். தசரா கூட்டத்தில் ஒழுங்கு பார்க்கிற வேலைக்கு அந்த வில்லைக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். விடுதியில் அவர்களுக்குத் தனி மரியாதை. சேருகிறவன் மலைப்படியில் முதல் இருநூறு படியை முழங்காலால் ஏற வேண்டும். எழுந்து நின்றால் மறுபடியும் முதல் படியிலிருந்து. மாதையன் இரண்டு தடவை எழுந்து நின்றிருக்கிறான். யாராவது கேட்டால் ‘வேண்டுதல்’ என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏறும் முன்பே, என் சொந்த இஷ்டப்படி செய்கிறேன் என்று அவனவன் கைப்பட ஒரு கடிதமும் வாங்கிக்கொள்வார்களாம்.

“நாங்க மூணு பேருதானுங்க மொதல்ல. மத்த ரெண்டு பேருக்குச் சிராய்ப்போட போச்சுங்க. வர ஞாயித்துக்கெழம இன்னும் பதினோரு பேருங்க. எம்பேரு சொல்லிராதீங்க சிஸ்டர். மெஸ்ஸுல பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டான். எங்கய்யன் தறியில கெடந்து படிக்க வெக்கறாருங்க.”

பதினோரு பேர். நடுவில் இருந்தது இரண்டு நாள்.

அங்கிருந்து நேராக ஜெயசீலன் வீட்டுக்குப் போனேன். அவன் போன வருஷமே படிப்பை விட்டுவிட்டு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குப் போயிருந்தான். ஏன் விட்டான் என்று நான் விசாரித்ததில்லை. சர்ச்சில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவன் மட்டும் பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். ஒரு வருஷமாக அதைப் பார்த்து, திமிர் பிடித்த பையன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று கதவைத் திறக்க அவன் எழுந்து வந்தபோதுதான் கவனித்தேன். இடது முழங்கால் மடங்கவில்லை.

“அன்னைக்கு ஏன்டா என்கிட்ட வேண்டுதல்னு சொன்னே?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“பின்னால ரெண்டு பேர் நின்னாங்களே அக்கா. வேற என்ன சொல்ல முடியும்?” என்றான். பிறகு, “நீங்க நம்ம சர்ச் ஆச்சே, கேட்ட உடனே பொய்னு தெரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன். உங்க மொகத்தையே பாத்துட்டிருந்தேன். நீங்க எழுதிட்டு, அடுத்தது யாருன்னு கேட்டீங்க” என்றான்.

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னான். என்னிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பொய்தான். நான் அதை அழகான கையெழுத்தில் பதிந்து வைத்திருந்தேன். அவன் அம்மா கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வருகிற நாள் இல்லை. காலை எட்டு மணிக்குப் பதிவேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். இதைக் காட்டினால் முதலில் மாட்டுவது நான், அடுத்து அவர். அவர் நினைத்தால் ஒரே வார்த்தையில் என் வேலை போகும். போனால் போகட்டும் என்றுதான் வாசல் மணியை அடித்தேன்.

இரண்டு பக்கங்களையும் திறந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு வரிக்கு இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார் என்றால் மிகையில்லை.

“ஜெயசீலன்னா கிறிஸ்தவப் பையனா?”

“ஆமா சார். எங்க சர்ச்தான்.”

“உமக்குத் தெரிஞ்சவன்.”

“தெரிஞ்சவன்தான் சார். தெரிஞ்சும் எழுதினேன்.”

“இது யார் கையெழுத்து?” என்று பச்சை மசியைக் காட்டினார்.

“உங்களோடது சார்.”

“வாசிக்காம போட்டிருக்கேன்” என்றார். எழுந்து போய் முழங்கை வரை கை கழுவிக்கொண்டு வந்தார். அவர் அன்று எந்த நோயாளியையும் தொடவில்லை. “நடங்கோ, பிரின்சிபாலைப் பார்ப்போம்.”

பிரின்சிபால் தங்கச்சரிகைத் தலைப்பாகையும் மூடிய கோட்டும் அணிந்த மரியாதையான மனிதர். நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு கன்னடத்தில், “வேண்டுதல் என்பது அவரவருக்கும் அம்மனுக்கும் உள்ள விஷயம். அதில் கல்லூரி தலையிட்டால் ஊரே திரண்டு வந்து கேட்கும். அதிலும் புகார் செய்வது நீங்கள்” என்று நிறுத்தினார். நான் கிறிஸ்தவச்சி என்பதை வாய்விட்டுச் சொல்ல அவர் மரியாதை இடம் கொடுக்கவில்லை.

சங்கத்தின் செயலாளரை வரவழைத்தார்கள். இறுதியாண்டு மாணவன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டையில் பித்தளை வில்லை. கொஞ்சமும் அசரவில்லை. ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். மாதையன் கைப்பட எழுதியது; பெயரை நாங்கள் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் கிடப்பது யார் என்று அவனுக்கே தெரியும். சாமுண்டேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டபடி என் சொந்த இஷ்டத்தில் முழங்காலால் படியேறுகிறேன், யாரும் வற்புறுத்தவில்லை என்று இருந்தது. பிரின்சிபால் என்னைப் பார்த்தார். கதை முடிந்தது என்ற பார்வை.

டாக்டர் அவனிடம் சாதாரணமாகக் கேட்டார்: “ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்கேளே. போன வருஷக் கடிதங்களும் இருக்கோ?”

“இருக்கிறது சார். எல்லா வருஷமும் கட்டி வைத்திருக்கிறோம்” என்றான் அவன். பெருமையாகச் சொன்னான். பியூனை அனுப்பிக் கொண்டுவரச் சொன்னதும் அவனேதான்.

கட்டு வந்தது. சிவப்பு நாடா போட்டுச் சர்க்கார் ஆபீஸ் மாதிரி கட்டியிருந்தார்கள். டாக்டர் அதைப் பிரித்து, தேடி, ஒரு கடிதத்தை எடுத்து மாதையன் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. அடியில் கையெழுத்து: ஜெயசீலன். நான் பதிவேட்டைத் திறந்து அந்த வரியின்மேல் விரலை வைத்தேன்.

“சார், இந்தப் பையன் எங்கள் சர்ச்சில் பாடுகிறவன். இவன் சாமுண்டேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டானாம். நம்பி எழுதியது நான். என் கையெழுத்துதான். என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் ஏறப் போகிறார்கள். அதை நிறுத்துங்கள்” என்றேன். கன்னடத்தில் அவ்வளவு நீளமாக, நடுங்காமல் நான் பேசியது அன்றுதான்.

“கையெழுத்துப் போட்டது நான். அதையும் சேர்த்து எழுதிக்கோங்கோ” என்றார் டாக்டர்.

பிரின்சிபால் இரண்டு கடிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளரின் முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் பிரின்சிபால் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “அம்மன் பெயரையா இதற்கு எடுத்தாய்?” என்றார். சத்தம் போடவில்லை. அன்று சாயங்காலமே சங்கத்தைக் கலைத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

காகிதத்தை நம்பி நான் ஏற்கனவே ஒரு தடவை ஏமாந்தவள். ஞாயிறு விடிந்ததும் சர்ச்சுக்குக்கூடப் போகாமல் மலையடிவாரத்துக்குப் போனேன். முதல் படிக்குப் பக்கத்தில் டாக்டரின் பழைய கார் நின்றது. அவர் படியிலேயே குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தாளில் பாதியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

ஏழு மணிக்கு வந்தார்கள். பலகையில் ஒட்டியது ஒட்டியபடி இருக்க, முன்னால் நாலு சீனியர்கள், பின்னால் வரிசையாகப் புதுப் பையன்கள். எண்ணினேன். பதினோரு பேரும் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நடை நின்றது. டாக்டர் செய்தித்தாளை இறக்கினார்.

“மலை ஏறத்தானே வந்தேள்? ஏறுங்கோ. நடந்து ஏறுங்கோ. மேலே அம்மனைச் சேவிச்சுட்டு நடந்தே இறங்கி வாங்கோ. பதினோரு ஜோடி முழங்காலையும் நான் இங்கேயே பார்க்கப் போறேன்.”

பார்த்தார். மத்தியானம் அவர்கள் இறங்கி வரும்வரை அந்த வெயிலில் உட்கார்ந்திருந்து, ஒவ்வொருவனாக நிறுத்தி, வேட்டியையும் கால்சட்டையையும் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார். அந்த நாலு பேரும் செயலாளரும் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மாதையன் மூன்று வாரத்தில் இரண்டு காலோடும் திரும்பி வந்தான். மெஸ்ஸில் அவன் பக்கத்தில் முதலில் உட்கார்ந்தது அந்தப் பதினோரு பேரில் ஒருவன்.

எனக்கு மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நியாயம்தான் என்று இன்றும் சொல்வேன். அதற்கப்புறம் முப்பது வருஷம், நோயாளியைத் தவிர யாரையும் என் அறைக்குள் நிற்க விட்டதில்லை. கூட வந்தவன் அண்ணனானாலும் கதவுக்கு வெளியேதான். ‘காரணம்’ என்ற கட்டத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்கினேன். ஒன்று பையன் சொன்னது, மற்றொன்று நான் பார்த்தது. வந்திருந்த பெண்ணின் படிவத்தில் யார், எங்கே, எப்போது என்று பதினேழு கேள்விகள் இருந்தன. நல்ல படிவம்தான். கதவைச் சாத்திவிட்டு அப்புறம் அதை எடு என்று சொல்லி அனுப்பினேன்.

விட்டுப்போன பாதியில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மலையடிவாரத்தில் உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கு அடுத்த புதன்கிழமை டாக்டர் வந்தபோது, போன வருஷத்து ஜெயசீலன் வரியை என்ன செய்வது என்று கேட்டேன். அடித்துவிடலாமா?

“அடிக்கப்படாது. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். கீழே சரியா எழுதி இன்னைத் தேதி போடுங்கோ” என்றார்.

எழுதினேன். ஆங்கிலத்தில்தான், தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இது வேண்டுதல் அல்ல. இந்தப் பையனை மிரட்டி முழங்காலால் ஏற்றியிருக்கிறார்கள். என்னிடம் சொல்ல முயன்றான். நான் கேட்கவில்லை.’

டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசையப் படித்தார். பிறகு பச்சை மசிப் பேனாவைத் திறந்து, என் வரிக்குக் கீழே ‘நானும் கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.